நத்தார் பாப்பாவின் சட்டைப் பையில் கிடந்த கடிதம்

ஐந்து வருடங்களுக்கு முன்னர், ஒரு மார்கழி மாத ஞாயிறு பின்னேரம், மானிப்பாயில் எங்கள் தேவாலயத்துக்குப் பின்னாலுள்ள சின்ன அறைக்குள் நின்று நான் தாடி கட்டிக்கொண்டிருந்தேன். பஞ்சுத் தாடி. மேலே சிவப்புச் சட்டை, கீழே சிவப்புக் காற்சட்டை, வயிற்றில் ஒரு தலையணை. வெளியே மண்டபத்தில் ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளின் நத்தார் ஒளிவிழா நடந்துகொண்டிருந்தது. நத்தார் பாப்பா எப்போது வருவார், பரிசு எப்போது தருவார் என்று அத்தனை பிள்ளைகளும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி என் மகள். அப்போது அவளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு.

அன்றைக்கு அந்தத் தாடிக்குப் பின்னால் நின்று நான் சொன்ன ஒரு பொய்யைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். ஒருவருடைய பெயரையும் எழுதப் போவதில்லை. என் பெயரும் வேண்டாம். தையற்காரன் என்று சொன்னாலே எங்கள் ஊரில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடிக்கட்டும், எனக்கென்ன.

எங்கள் தேவாலயத்தில் ஒரு வழக்கம் உண்டு. மார்கழி பிறந்ததும் சிவப்புத் தாள் ஒட்டிய பிஸ்கட் தகரம் ஒன்றை ஓய்வுநாள் பாடசாலை அறையில் வைப்பார்கள். அதுதான் நத்தார் பாப்பாவின் தபால் பெட்டி. பிள்ளைகள் தங்களுக்கு என்ன வேண்டுமென்று கடிதம் எழுதி அதற்குள் போடுவார்கள். ரீச்சர்மார் அந்தக் கடிதங்களை எடுத்து, பிள்ளைகளுக்குத் தெரியாமல் அந்தந்தத் தாய் தகப்பனிடம் கொடுத்துவிடுவார்கள். நாங்கள் பொருளை வாங்கி, வடிவான தாள் சுற்றி, பெயர் எழுதி, களவாகக் கொண்டுபோய் ரீச்சர்மாரிடம் கொடுக்க வேண்டும். ஒளிவிழா அன்று நத்தார் பாப்பா வந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக் கொடுப்பார். கடிதத்தில் கேட்டது அப்படியே கைக்கு வந்தால் பிள்ளை நம்பாமல் என்ன செய்யும்?

எட்டு வருடமாக அந்த நத்தார் பாப்பா நான்தான். உடுப்பும் நானே தைத்தது. நல்ல வெல்வெட் துணியில், உள்ளே லைனிங் வைத்து, பெரிய பை இரண்டு போட்டுத் தைத்திருந்தேன். ஆடத் தெரியும், குரலை மாற்றத் தெரியும், சின்னப் பிள்ளைகளைச் சிரிக்க வைக்கத் தெரியும். இந்த வேலைக்கு என்னைவிட்டால் ஆள் இல்லை என்று எனக்குள் ஒரு பெருமை. யுத்த காலத்தில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வளர்ந்தவன் நான். எனக்கு நத்தார் பாப்பா வந்ததில்லை. என் பிள்ளைக்கு வரட்டும் என்று நினைத்தேன். அதில் என்ன பிழை என்றுதான் அப்போது நினைத்தேன்.

என் மனைவி புத்தூரில் தோட்டக்காரக் குடும்பத்தில் பிறந்தவள். சைவக்காரர். கலியாணத்துக்குப் பிறகு என்னோடு தேவாலயத்துக்கு வருவாள், தாய் வீட்டுக்குப் போனால் அங்கே கோயிலுக்கும் போவாள். அவளுக்கு இந்த நத்தார் பாப்பா விளையாட்டு ஒருநாளும் பிடித்ததில்லை. பிள்ளை தூங்கிய பிறகு ஒருநாள் சொன்னாள்:

"இஞ்சருங்கோ, பிள்ளைக்கு ஏன் உந்தப் பொய்? தீபாவளிச் சட்டை எங்கடை ஐயா எடுத்ததெண்டு எங்களுக்குத் தெரியும். வெங்காயம் வித்துத்தான் எடுத்தவரெண்டும் தெரியும். தெரிஞ்சதாலை எங்களுக்கு ஒரு சந்தோசமும் குறையேல்லை."

நான் சிரித்தேன். உனக்கு இதெல்லாம் விளங்காது, இது பிள்ளைகளின் கற்பனை உலகம், அதைக் கெடுக்காதே என்று ஏதோ பெரிய படிப்புப் படித்தவன் போல விளக்கம் கொடுத்தேன்.

இன்னொரு காரியமும் செய்தேன். அதற்கு முதல் வருடம் மகள் புத்தூருக்குப் போய், நத்தார் பாப்பாவிடம் பொம்மை கேட்டேன், அவர் கொண்டுவந்து தந்தார் என்று மச்சாள் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டாள். அந்தப் பிள்ளைகள் எங்களிடம் ஏன் அவர் வருவதில்லை என்று தாய் தகப்பனைப் பிடித்து உலுப்பி எடுத்துவிட்டன. மச்சான் என்னிடம் முகம் கொடுத்துக் கதைக்காமல் இரண்டு கிழமை திரிந்தார். அதனால் மகளைக் கூப்பிட்டு ஒரு சட்டம் போட்டேன். நத்தார் பாப்பாவிடம் கேட்டதை வேறு ஒருவருக்கும் சொல்லக் கூடாது, அம்மாவுக்கும் கூடாது, அப்பாவுக்கும் கூடாது, சொன்னால் அது நடக்காது. அவள் கண்ணை விரித்துக் கேட்டுவிட்டுத் தலையாட்டினாள். பிரச்சினை தீர்ந்தது என்று நான் தையலுக்குப் போய்விட்டேன். எவ்வளவு கெட்டிக்காரத்தனம், பாருங்கள்!

அந்த வருடம் மார்கழியில் என் தையற்கடையில் மூச்சு விட நேரமில்லை. நத்தார்ச் சட்டைகள் ஒரு பக்கம், தை பிறந்தால் பள்ளிக்கூடச் சீருடைகள் மறுபக்கம். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ரீச்சர் ஒருவர் என் மகளின் கடிதத்தை என் கையில் வைத்தார். கொப்பித்தாளை நாலாக மடித்து, சோற்றுப் பருக்கையால் நன்றாக ஒட்டியிருந்தது. மேலே "நத்தார் பாப்பாவுக்கு மட்டும்" என்று எழுதியிருந்தது. எழுத்து சற்றுச் சரிந்திருந்தது.

நான் அதைத் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை என்று கேட்டால் சொல்லப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. கனடாவிலிருந்து என் தங்கச்சி அனுப்பிய பார்சலில் இழுத்துக்கொண்டு போகச் சில்லுப் பூட்டிய புத்தகப் பை ஒன்று வந்திருந்தது. இந்த முறை அதுதான் பரிசு என்று எப்போதோ முடிவாகிவிட்டது. இனி அவள் என்ன கேட்டிருந்தால் என்ன? மிஞ்சி மிஞ்சிப் போனால் சைக்கிள் கேட்டிருப்பாள். அதை அடுத்த வருடம் பார்க்கலாம். அப்போது சிவப்புச் சட்டையின் பொத்தான் ஒன்று கழன்றிருந்ததால் அதைத் தைத்துக்கொண்டிருந்தேன். கடிதத்தை அந்தச் சட்டைப் பைக்குள் வைத்தேன். அத்துடன் மறந்துவிட்டேன்.

இனி அந்த ஒளிவிழாவுக்கு வருகிறேன். வழக்கம்போல நான் ஆடிக்கொண்டு உள்ளே வந்தேன். பிள்ளைகள் கத்திய கத்தலில் மண்டபம் அதிர்ந்தது. பெயர்களைக் கூப்பிட்டுக் கொடுத்துக்கொண்டே வந்தேன். மகளின் பெயர் வந்தது. அவள் மெல்ல வந்து நின்றாள். பையை நீட்டினேன். அவள் அதை வாங்கவில்லை. எட்டி என் கழுத்தைப் பிடித்துக் குனிய வைத்தாள். தாடிக்குள் வாயை வைத்து இரகசியமாகக் கேட்டாள்.

"நான் எழுதினதை வாசிச்சனீங்களோ?"

நான் குரலைக் கரகரப்பாக்கிக்கொண்டு சொன்னேன். "ஓம், வாசிச்சனான்."

"செய்வீங்களோ?"

"ஓம், செய்வன். நல்ல பிள்ளையாய் இருந்தால் கெதியாய்ச் செய்வன்."

அவள் என் கையுறையைப் பிடித்து ஒருதரம் அழுத்தினாள். பிறகுதான் புத்தகப் பையை வாங்கிக்கொண்டு போனாள். பிள்ளை சந்தோசமாகப் போகிறாள் என்று எனக்கு ஒரே புளுகம். அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.

அன்று நான் வீட்டுக்கு வந்தபோது, கடையில் வேலை என்று சொல்லிவிட்டுப் போன அப்பாவுக்காக அவள் தன் கேக் துண்டில் பாதியைக் கடதாசியில் சுற்றி வைத்திருந்தாள். இந்த முறையும் நீங்கள் நத்தார் பாப்பாவைக் காணவில்லையே என்று எனக்காகக் கவலைப்பட்டாள். நான் கேக்கைத் தின்றேன்.

அதற்குப் பிறகு என் மகள் மாறிவிட்டாள். முந்தி என் போனை எடுத்தால் கீழே வைக்கவே மாட்டாள். படம் பார்த்துப் பார்த்துக் கண்ணைக் கெடுக்கிறாய், ஒருநாளைக்குக் கண் தெரியாமல்தான் போகப் போகிறது என்று நான் கத்தாத நாள் இல்லை. துணி அளக்கும் மர அடிமட்டத்தை ஓங்கியும் இருக்கிறேன். அடித்ததில்லை, ஆனால் ஓங்கியிருக்கிறேன். அந்த நத்தாருக்குப் பிறகு அவள் போனைத் தொடவே இல்லை. மேசையில் கிடந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டாள். பாகற்காய்க் கறியை வாய் திறக்காமல் சாப்பிட்டாள். சொல்லாமலே முழங்காலில் நின்று செபம் செய்தாள். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் நான் இதைப் பெருமையாகச் சொன்னேன். "நத்தார் பாப்பா செய்த வேலை" என்று சொல்லிச் சிரிப்பேன். மனைவி மட்டும் ஒருநாள், பிள்ளை எதையோ நினைத்துப் பயந்துகொண்டு திரிகிறாள் என்றாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எனக்கு நாற்பது வயதிலேயே வெள்ளெழுத்து வந்துவிட்டது. கண்ணாடி போட்டாலும் ஊசியில் நூல் கோப்பது கஷ்டம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மகள்தான் கோத்துத் தருவாள். அவளும் ஊசித் துவாரத்துக்குப் பக்கத்தில் நூலைக் கொண்டுபோய்க் கொண்டுபோய் விலத்தி விடுவாள். நாலைந்து தரம் முயன்றுதான் கோப்பாள். "நீ என்ன, கிழவியோ?" என்று பகிடி பண்ணுவேன். அவள் சிரிக்க மாட்டாள். கண் முன்னால் நடந்தது இது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அடுத்த மார்கழி வந்தது. தகரத்துக்குள் அவள் கடிதம் போடவில்லை என்று ரீச்சர் சொன்னார். வளர்ந்துவிட்டாள், இனி நம்ப மாட்டாள் போல என்று நினைத்துக் கொஞ்சம் வருத்தப்பட்டேன். இதுதான் கடைசி வருடம், நன்றாகச் செய்வோம் என்று சிவப்பு நிறச் சைக்கிள் ஒன்று வாங்கினேன். ஒளிவிழாவில் அவளுடைய பெயரைக் கூப்பிட்டேன். வந்தாள். மறுபடியும் என்னைக் குனிய வைத்தாள்.

"மறந்திட்டீங்களோ?"

"மறப்பனோ? அங்கை பார்!" என்று சைக்கிளைக் காட்டினேன்.

எல்லாப் பிள்ளைகளும் ஓவென்று கத்தினார்கள். அவள் சைக்கிளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "தாங்ஸ்" என்றாள். என் மகளுக்கு எட்டு வயது, அவ்வளவு மரியாதை தெரிந்த பிள்ளை. சைக்கிள் வேண்டாம், நான் கேட்டது வேறு என்று அவள் அந்த இடத்தில் சொல்லவில்லை.

சைக்கிளை அவள் ஓடப் பழகிய நாட்களில் எப்போதும் இடது பக்கம்தான் போய் மோதுவாள். படலைத் தூண், கிணற்றுக் கட்டு, பக்கத்து வீட்டு வேலி, எல்லாம் இடது பக்கம். நான் பின்னால் ஓடி ஓடிச் சிரித்தேன். மனைவிக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

நாலாம் வகுப்புக்குப் போன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பள்ளிக்கூடத்தில் மருத்துவப் பரிசோதனை நடந்தது. முதலாம் வகுப்பில் இதே பரிசோதனை நடந்த நாளில் அவளுக்குக் காய்ச்சல், பள்ளிக்கூடம் போகவில்லை. இந்த முறை ஒவ்வொரு கண்ணாகப் பொத்தி எழுத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். வலது கண்ணைப் பொத்தியதும் அவள் மேல் வரி பெரிய எழுத்தையே வாசிக்கவில்லை. உடனே கண் டொக்டரிடம் காட்டவும் என்று துண்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அடுத்த நாளே கடையைப் பூட்டிவிட்டு மூவருமாக யாழ்ப்பாணத்துக்குப் போனோம். கண் டொக்டர் ஒரு அம்மா. மருந்து விட்டு, விளக்கு அடித்து, கனநேரம் பார்த்தார். பிறகு எங்களுக்கு விளங்கும்படி சொன்னார். பிறந்ததிலிருந்தே இடது கண்ணில் பார்வைக் குறை இருந்திருக்கிறது. போன் பார்த்து வந்தது அல்ல. ஒரு கண் நன்றாகத் தெரிந்தால் மூளை மற்றக் கண்ணைக் கவனிக்காமல் விட்டுவிடும். சின்ன வயதில் நல்ல கண்ணை மூடிக் கட்டி, கண்ணாடி போட்டு, குறைக் கண்ணுக்கு வேலை கொடுத்தால் பெரும்பாலும் சரிவரும். வயது போகப் போக அது கஷ்டம்.

"ரெண்டு வருசம் முந்திக் கொண்டந்திருந்தால் எவ்வளவோ நல்லம். இனியும் செய்து பாப்பம். முழுசாய் வருமெண்டு என்னாலை சொல்லேலாது" என்றார்.

பிறகு மகளின் பக்கம் திரும்பி, எப்போதிருந்து இப்படித் தெரியவில்லை, முந்தியே உனக்குத் தெரியுமா என்று ஆறுதலாகக் கேட்டார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். டொக்டர் திரும்பவும் கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. டொக்டருக்கு முன்னாலேயே, வாயைத் திறந்து சொல்லன், ஊமையா நீ என்று அதட்டினேன். அவள் நிமிர்ந்து தாயைப் பார்த்துச் சொன்னாள்.

"சொன்னால் நடக்காது."

என்ன நடக்காது என்று டொக்டர் கேட்டார்.

"நான் கேட்டிருக்கிறன். செய்வன் எண்டு சொன்னவர்."

யார் சொன்னது என்று டொக்டர் கேட்டார். எங்களுக்கு அதைக் கேட்கத் தேவை இருக்கவில்லை. மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த அறையில் இருந்த கதிரையில் நான் எப்படி இருந்தேன் என்று எனக்குத் தெரியாது.

மானிப்பாய் பஸ்ஸில் திரும்பி வந்தோம். மகள் யன்னல் ஓரமாக இருந்தாள். டொக்டர் விட்ட மருந்தில் வெளிச்சம் கூசியதால் கையால் கண்ணை மறைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அலுமாரிக்கு மேல் கிடந்த சூட்கேசை இறக்கினேன். சிவப்புச் சட்டையை எடுத்துப் பைக்குள் கை விட்டேன். கடிதம் அங்கேதான் இருந்தது. இரண்டு ஒளிவிழாவிலும் அது என் இடுப்போடு கிடந்து என்னோடு ஆடியிருக்கிறது. அவள் என்னைக் குனிய வைத்துக் கேட்டபோதும் அங்கேதான் இருந்திருக்கிறது. சோற்றுப் பசை காய்ந்து இறுகியிருந்தது. துணி வெட்டும் கத்தரிக்கோலால் ஓரத்தை வெட்டினேன்.

அன்புள்ள நத்தார் பாப்பா, எனக்கு இந்த முறை ஒரு சாமானும் வேண்டாம். எனது இடது கண் தெரியவில்லை. கண்பொத்தி விளையாடும்போது கண்டுபிடித்தேன். வலது கண்ணைப் பொத்தினால் எல்லாம் புகையாக இருக்கிறது. அப்பாவின் போன் பார்த்ததால் வந்தது. இனிப் பார்க்க மாட்டேன். அப்பாவுக்குச் சொல்ல வேண்டாம், அடிப்பார். கண்ணை மட்டும் சரியாக்கித் தாருங்கள். கீழே தன் பெயரை எழுதி, பக்கத்தில் நல்ல பிள்ளை என்றும் எழுதியிருந்தாள்.

நான் அழுதேன். சத்தமாகத்தான் அழுதேன். மனைவி கடிதத்தை வாங்கி வாசித்தாள். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிள்ளையிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கோ என்று மட்டும் சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

மகள் கட்டிலில் இருந்தாள். பக்கத்தில் போய் இருந்து சொன்னேன். நத்தார் பாப்பா என்று ஒருவர் இல்லை, அந்த உடுப்புக்குள் இருந்தது நான்தான் என்றேன். அவள் அழுவாள், ஏமாற்றிவிட்டீர்களே என்று கோபிப்பாள் என்றுதான் எதிர்பார்த்தேன். அதற்கெல்லாம் பதிலை யோசித்து வைத்திருந்தேன். அவள் கேட்டது வேறு.

"அப்ப உங்களுக்கு அண்டைக்கே தெரியுமோ?"

எனக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை. பிறகுதான் உறைத்தது. நத்தார் பாப்பா கடிதத்தை வாசித்தேன் என்று சொன்னார். நத்தார் பாப்பா என்பது அப்பா. அப்படியென்றால் தன் கண் தெரியவில்லை என்பது அப்பாவுக்கு இரண்டு வருடமாகத் தெரியும். தெரிந்துகொண்டும் ஒன்றும் செய்யாமல் இருந்திருக்கிறார். அவளுடைய கணக்கு அதுதான். அதில் பிழையும் இல்லை.

"இல்லை அம்மா, நான் கடிதத்தை வாசிக்கேல்லை" என்றேன்.

"வாசிச்சனான் எண்டு சொன்னீங்கள்."

"சும்மா சொன்னனான்."

எந்தத் தகப்பனும் தன் பிள்ளையிடம் அந்தச் சொல்லைச் சொல்லும் நிலைமைக்கு வரக் கூடாது. தெரிந்தும் விட்டவன் என்று அவள் நினைப்பதா, வாசிக்காமலே ஓம் என்றவன் என்று நினைப்பதா, எது எனக்கு நல்லது? இரண்டில் ஒன்றைத்தான் என்னால் அவளுக்குக் கொடுக்க முடிந்தது. வெட்கத்தில் நான் அந்த இடத்திலேயே செத்துப் போயிருக்கலாம்.

அவள் என் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தாள். "அது என்ரை" என்று சொல்லி வாங்கினாள். பழையபடி நாலாக மடித்துத் தன் புத்தகப் பைக்குள், கனடாவிலிருந்து வந்த அந்தப் பைக்குள் வைத்தாள். அதற்குப் பிறகு அந்தக் கடிதத்தை நான் காணவில்லை. கேட்கவும் எனக்கு வாய் இல்லை.

இரண்டு வருடத்துக்கு மேல் நல்ல கண்ணை மூடிக் கட்டினோம். ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகு மூன்று மணித்தியாலம். அந்த நேரத்தில் அவள் வீட்டுக்குள் தடவித் தடவி நடப்பாள். என் தையல் மெசினில் முழங்கால் அடிபடும். ஒருநாளும் முறைப்பட்டதில்லை. இடது கண் கொஞ்சம் தேறியது. பெரிய எழுத்துகள் இரண்டு வரி வாசிப்பாள், அதற்கு மேல் புகைதான். இனி இவ்வளவுதான் என்று டொக்டர் சொல்லிவிட்டார். இப்போது ஏழாம் வகுப்புப் படிக்கிறாள், நன்றாகப் படிக்கிறாள். ஒரு கண்ணால் எத்தனையோ பேர் சீவிக்கிறார்கள் என்று ஆறுதல் சொல்ல வருகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. என் பிள்ளைக்கு இரண்டு கண் இருந்திருக்கும்.

தேவாலயத்தில் நடந்ததைச் சொன்னேன். ஒளித்து வைக்கவில்லை. கூட்டம் வைத்துக் கதைத்தார்கள். பிள்ளைகளிடம் பொய் சொல்வது பாவம், தகரத்தை எறியுங்கள் என்றார் ஒருவர். ஒரு ஆளின் கவலையீனத்துக்காக எல்லாப் பிள்ளைகளின் சந்தோசத்தையும் கெடுப்பதா என்றார் இன்னொருவர். கவலையீனம் என்று அவர் சொன்னது எனக்குச் சுட்டது, ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. கடைசியில் தகரம் இருக்கட்டும் என்றுதான் முடிந்தது. சிவப்பு உடுப்பை நான் தேவாலயத்துக்கே கொடுத்துவிட்டேன். இப்போது வேறு ஒரு இளந்தாரி போட்டுக்கொண்டு ஆடுகிறான், நன்றாகவே ஆடுகிறான்.

நான் கேட்டு வாங்கிய வேலை ஒன்று உண்டு. கடிதங்களைத் தாய் தகப்பனிடம் கொடுக்க முதல் ரீச்சர்மாரோடு இருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து வாசிக்கிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுத்துத் தெரியாத பிள்ளை கிறுக்கியதைக்கூட வாசிக்கப் பார்க்கிறேன். கிரிக்கட் மட்டை, பொம்மை, சொக்லேட், தம்பி வேண்டும், தம்பி வேண்டாம், எல்லாம் வரும். சில பேர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். தன் பிள்ளையின் கடிதத்தை வாசிக்காதவன் ஊர்ப் பிள்ளைகளின் கடிதத்தை வாசிக்கிறான் என்று ஒருவர் என் காது கேட்கவே சொன்னார். சொல்லட்டும், அவர் சொல்வது உண்மைதானே.

பிள்ளைகளை இப்படி நம்ப வைக்கலாமா, கூடாதா என்று இப்போதும் சில இளம் தாய்மார் என்னிடம் கேட்கிறார்கள். என் மனைவியிடம் கேளுங்கள் என்று சொல்லி விடுகிறேன். எனக்கு அதைச் சொல்லும் யோக்கியதை இல்லை. ஒன்று மட்டும் தெரியும். எனக்கு அது ஒரு வேடம். அவளுக்கு, தன் உடம்பில் வந்த வருத்தத்தைச் சொல்ல இந்த உலகத்தில் இருந்த ஒரே ஆள் அது. அம்மாவிடமும் சொல்லாதே, அப்பாவிடமும் சொல்லாதே என்று மற்றக் கதவுகளைப் பூட்டியதும் நான்தான்.

மகள் என்னோடு கோபமாக இல்லை. கதைப்பாள், சிரிப்பாள், கேட்காமலே ஊசியில் நூல் கோத்து வைத்துவிட்டுப் போவாள். போன மாதம் ஒரு சனிக்கிழமை, நாளைக்கு ஆராதனை முடிந்ததும் கீரிமலைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன், கேணியில் குளிக்கலாம் என்றேன். உண்மையோ என்று கேட்டாள். ஓம் என்றேன். அவள் உடனே திரும்பித் தாயின் முகத்தைப் பார்த்தாள், தாய் தலையசைத்த பிறகுதான் உடுப்பு எடுத்து வைக்கப் போனாள். ஐந்து வருடங்களுக்கு முன்னர் ஒரு தாடிக்குப் பின்னால் நின்று நான் சொன்ன ஓம் போதும், இனி எத்தனை ஓம் சொன்னாலும் என் மகளுக்கு அதற்கு இன்னொருவர் சாட்சி வேண்டியிருக்கிறது.